எதிர்த்திசையில் ஓடும் சிறுகோள்

கண்ணமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வியாழனின் பாதையில் ஒரு கல் எதிர்த்திசையில் ஓடுகிறது என்று அவருடைய மகன் எங்கோ கேட்டு வந்தானாம். இது கியாமத்தின் அடையாளம் என்று அண்டை வீட்டார் சொல்ல, பிள்ளை இரண்டு இரவுகளாக உறங்கவில்லையாம்.

சகோதரியே, கல் இருப்பது உண்மை, அச்சத்திற்குத்தான் காரணமில்லை. 2014 நவம்பரில் ஹவாய்த் தீவுகளிலுள்ள தொலைநோக்கியில் அது தென்பட்டது. அகலம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். கோள்கள் அனைத்தும் சூரியனை ஒரே திசையில் சுற்ற, இதுவோ எதிரே வருகிறது. வியாழனைப் போன்றே இதற்கும் ஒரு சுற்றுக்குச் சுமார் 12 ஆண்டுகள். அப்படியானால் மோதிக்கொள்ளாதா?

கனடா நாட்டு அறிஞர் பால் வீகர்ட்டும் அவர்தம் குழுவினரும் 2017இல் இதற்கு விடை கண்டனர். தங்கள் வீட்டுத் தறியையே பாருங்கள். ஊடை நூல் பாவின் மேலும் கீழும் மாறி மாறிச் செல்கிறதல்லவா? இக்கல்லும் வியாழனை ஒருமுறை உட்புறமாகவும் மறுமுறை வெளிப்புறமாகவும் கடக்கிறது. ஒரு சந்திப்பில் வியாழன் இழுத்ததை மறு சந்திப்பின் இழுப்பு சரிசெய்துவிடுகிறது. மிக நெருங்கும்போதும் இடையே 17 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர்! பத்து லட்சம் ஆண்டுகளாக இவ்வாறே ஓடுகிறது என்பது அவர்கள் கணக்கு. அதன் பாதை செவ்வாய்க்கும் அப்பாலேயே நின்றுவிடுவதால் நம் பூமியை அது நெருங்குவதில்லை.

வியாழனின் பாதையில் அதே திசையில் முன்னும் பின்னுமாகச் செல்லும் சிறுகோள்கள் பத்தாயிரத்திற்கும் மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது 1906இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. தங்கள் ஊருக்கு மேற்கே தெரியும் ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்தும் 1988இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, 'ராமானுஜன்' என்று பெயரிட்டனர். அது வேறு பாதையில் செல்வது.

அண்டை வீட்டாருக்கும் ஒரு சொல். நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினர். மகனை இழந்த துயரிலும் அண்ணலார் அதை மறுத்தார்கள். எவருடைய இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தித் தொழுகையின்பால் மக்களைத் திருப்பினார்கள். கியாமத்தின் நேரம் அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். அதை ஒரு கல்லைக் காட்டிக் குறித்துச் சொல்ல நாம் யார்?

வியாழன் மாலை வானில் தெரியும் மாதங்களில், இஷா தொழுகைக்குப்பின் பிள்ளையை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். மின்னாமல், வெண்மையாய், பெரிதாய்த் தெரிவது வியாழன். அந்தக் கல்லோ வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். தேடித் தேடி அதற்காகவும் விழித்திருக்கப் போகிறான்.