எல்லாத்துக்கும் ஒரே மணியா?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பதறி எடுத்துப் பார்த்தால், ‘முழு உடல் பரிசோதனை பாதி விலையில்! இன்று மட்டும்!’ அனுப்பியது ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் ஆப். அந்த வாரத்தில் பதினோராவது ‘இன்று மட்டும்’. கோபத்தில் அங்கேயே நின்று அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்தேன். கீரைக்கார அம்மா, “இன்னா சார், போனோட சண்டையா?” என்றார்.

பத்து நாள் கழித்து என் அக்காவின் ரத்தம் அதே கூடத்துக்குப் போனது. பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. ‘உடனே டாக்டரைப் பாருங்கள்’ என்று மாலை நாலு மணிக்கே ஆப்பில் தகவல் போட்டுவிட்டார்கள். நான் பார்த்தது மறுநாள் காலை. அக்கா பிழைத்தது அதிர்ஷ்டம். என் சாமர்த்தியம் இல்லை.

‘அணைத்தது நீர்தானே?’ என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் விளம்பரத்தை மட்டும் அணைக்க அவர்கள் வழியே வைக்கவில்லை. இருந்தது ஒரே ஒரு ஸ்விட்ச்.

ஏன் இப்படி என்று தி.நகர் நடேசன் பூங்காவில் கூட நடக்கும் இளைஞரிடம் கேட்டேன். ஆப் எழுதுவதுதான் அவருக்குச் சோறு. “ரெண்டு போனுக்கும் ஒரே கோட் சார். தலைப்பு, செய்தி ரெண்டையும் குடுத்தா காட்டிடும். சிம்பிள்!” என்றார் பெருமையாக.

கோளாறே அந்த ‘சிம்பிளில்’தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐஃபோனுக்கு ஒன்று என்று இரண்டு முறை எழுதாமல் ஃப்ளட்டரிலோ, ரியாக்ட் நேட்டிவிலோ, கோட்லினிலோ ஒரே முறை எழுதுவது நல்ல சிக்கனம். கணக்கும் பட்டியலும் எந்தப் போனிலும் ஒன்றுதான். ஆனால் நோட்டிஃபிகேஷன் ஆப்பின் சொத்து இல்லை, போனின் சொத்து. இரண்டு போன்களுக்கும் சட்டம் வேறு. ஆண்ட்ராய்டு 2017-லேயே, எட்டாம் பதிப்பில், ‘சானல்’ என்று பிரித்துக் கொடுத்துவிட்டது. ரிப்போர்ட்டுக்கு ஒரு சானல், விளம்பரத்துக்கு ஒரு சானல். வேண்டாததை மட்டும் நீங்கள் மூடலாம். ஐஃபோன் 2021-ல் அவசரத்தை நான்கு தரமாகப் பிரித்தது. அனுமதி கேட்பதிலும் வித்தியாசம் உண்டு. ஐஃபோனில் ஒரு தடவை ‘வேண்டாம்’ என்றால் அந்த ஆப் மறுபடி கேட்கவே முடியாது. ஆண்ட்ராய்டில் 2022-ல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து அனுமதி கேட்க வேண்டும். இரண்டு மறுப்போடு கதை முடிந்தது.

இத்தனை வசதியையும் ‘தலைப்பு, செய்தி’ என்ற ஒற்றைக் குழாயில் திணித்தால் என்ன ஆகும்? எல்லாம் ஒரே சானலில் விழும். பொட்டாசியத்துக்கும் பாதி விலைக்கும் ஒரே மணி. ‘புலி வருது’ கதைதான். இங்கே புலி என்று கத்துகிறவனும் புடவைத் தள்ளுபடி என்று கத்துகிறவனும் ஒரே ஆள்.

“பிரிச்சு எழுத டைம் இல்ல சார், கிளையன்ட் ஒத்துக்க மாட்டான்” என்றார் நண்பர். இது சால்ஜாப்பு. என்ன செய்தி, எவ்வளவு அவசரம், யாருக்கு என்பதைப் பொதுக் கோடில் எழுதுங்கள். எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் அந்தந்தப் போனுக்குத் தனியாக எழுதுங்கள். கோட்லினில் ‘எக்ஸ்பெக்ட், ஆக்சுவல்’ என்று இதற்காகவே ஏற்பாடு இருக்கிறது. சில நாள் வேலை. நேரம் இல்லை என்பதைவிட, பிரித்தால் ஜனங்கள் விளம்பரத்தை மூடிவிடுவார்களே என்ற பயம்தான் பல இடங்களில் நிஜக் காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா அருகே பூமி நடுங்கியது. பட்டினப்பாக்கத்துக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் கரையில் நின்றவர்களிடம் ‘ஓடுங்கள்’ என்று சொல்ல ஒரு மணி இல்லை. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டுப் போன்கள் விநோதமாக அலறியது ஞாபகமிருக்கும். அரசின் அவசர எச்சரிக்கைக்கான ஒத்திகை அது. எந்த ஆப்பையும் நம்பாமல் செல்போன் கோபுரத்திலிருந்தே வருவது. அன்று மணி இல்லாமல் செத்தோம். இன்று மணி ஓயாததால் காதைப் பொத்திக்கொள்கிறோம். இரண்டும் செவிடுதான்.

ஆகவே, அடையாறிலிருந்து தினமும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு ஆப் எழுதப் போகிறவரே, உங்கள் கோடில் ஒரு சானலா, இரண்டா என்று இன்றைக்கே பாருங்கள். மற்றவர்கள், தொல்லை செய்யும் ஆண்ட்ராய்டு நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விளம்பரத்தை மட்டும் மூட வழியிருந்தால் மூடுங்கள். இல்லையென்றால் அந்த ஆப்புக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, காரணத்தையும் எழுதுங்கள்.

அந்த மணியாவது அவர்களுக்குக் கேட்கிறதா, பார்ப்போம்.