ஆலை இருக்கிறது, ஆள் எங்கே?

பழைய கட்டடத்தை இடிக்காதே, புதிய வேலைக்குப் பயன்படுத்து என்று கட்டடக் கலை நிபுணர்கள் உலகெங்கும் இன்று உபதேசம் செய்கிறார்கள். நல்ல உபதேசம்தான். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் நின்ற மின்சார நிலையம் 1981-ல் மூடப்பட்டது. 2000-ல் அது ஓவியக் கூடமாகத் திறக்கப்பட்டது. பாரிஸ் நகரத்து ரயில் நிலையம் ஒன்று 1986-ல் மியூசியம் ஆயிற்று. செங்கல்லும் இரும்பும், அவற்றை அடுக்கி வைத்த மனிதனின் உழைப்பும் வீணாகாமல் இருப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? இடித்துத் தரைமட்டமாக்கி, சிமெண்டை மலைமலையாய்க் கொட்டிக் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. கட்டடம் பிழைத்தது, அந்தக் கட்டடத்துக்குள் பாடுபட்டவன் பிழைத்தானா?

கேட்டால் நிபுணர்களுக்குக் கோபம் வரும். “நாங்கள் சுவரைப் பற்றிப் பேசுகிறோம், நீங்கள் கூலியைப் பற்றிப் பேசுகிறீர்களே!” என்பார்கள். சுவரும் கூலியும் வேறு வேறா? பம்பாய்க்கு, அதாவது இன்றைய மும்பைக்கு, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வோம்.

பம்பாயின் நடுமார்பில் பரேல், லால்பாக், வர்லி, பைகுல்லா என்று ஒரு வட்டாரம் உண்டு. கிரண்காவ் என்று மராட்டியில் பெயர். ஆலை ஊர் என்று பொருள். 1854-ல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வியாபாரி முதல் பஞ்சாலைக் கம்பெனியை ஆரம்பித்தார். பின்னால் ஒன்று, இரண்டு என்று பெருகி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தில் நின்றன. அந்த ஆலைக் கூடங்கள் சாமானியக் கட்டடங்கள் அல்ல. ரம்பப் பல் போல வரிசை வரிசையாய் எழுந்த கூரை; அந்தப் பல்லின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதுவும் வடக்குப் பார்த்து. ஏன் தெரியுமா? வெயில் நேராக விழுந்தால் கண் கூசும், அறுந்த இழை தெரியாது. வடக்கு வெளிச்சம் நாள் முழுவதும் ஒரே சீராக விழும். வார்ப்பிரும்புத் தூண்களுக்கிடையே தறிகளை நிறுத்த அகலமான இடைவெளி. உயரமான கூரை. இவ்வளவு வசதியும் தொழிலாளியின் சுகத்துக்காக அல்ல, நூலின் சுகத்துக்காக! அதே வெளிச்சமும் அதே விசாலமும்தான் பிற்காலத்தில் கடைக்காரர்களின் வாயில் எச்சில் ஊற வைத்தன.

தொழிலாளி இருந்தது வேறு கட்டடத்தில். சால் என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், ஷிப்ட் மாற்றி ஷிப்ட் படுத்து எழுந்தான். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் தனியே வந்தவனுக்குச் சோறு போட்டவர்கள் கானாவள் நடத்திய பெண்கள். ஆலைச் சங்கும் சோற்றுக் கடையும் தெருக் கூத்தும் சங்கக் கொடியும் சேர்ந்ததுதான் கிரண்காவ். 1908 ஜூலையில் திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டபோது, ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலையை நிறுத்திய ஊர் இது. லெனின் அதைக் குறிப்பிட்டு எழுதினார். 1928-ல் ஆறு மாதம் பட்டினி கிடந்து போராடிய ஊர் இது. மராட்டிய மாநிலம் கேட்டு 1950-களில் மார்பைக் காட்டிய ஊர் இது.

அப்படிப்பட்ட ஊரில்தான் 1982 ஜனவரி 18-ந் தேதி தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, போனஸ், பத்லி என்று தினக்கூலியாய் வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு நிரந்தர வேலை – இவையே கோரிக்கைகள். இன்னொன்றும் இருந்தது. 1946-ம் ஆண்டுச் சட்டத்தின்படி சர்க்கார் அங்கீகரித்த ஒரே சங்கத்தோடுதான் முதலாளி பேசுவான். தொழிலாளி நம்புகிற சங்கத்தோடு பேசமாட்டான். இந்த அநியாயம் ஒழிய வேண்டும் என்றார்கள். மாதங்கள் ஓடின. ஆண்டு ஒன்று கடந்தது. வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் ஆகவே இல்லை. ஆலைகள்தான் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. முதலாளி ஏன் அவ்வளவு பொறுமையாய் இருந்தான்? நூலைவிட நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது, தோழர்களே! தறி ஓடினால் லாபம் வரும். தறி நின்றால் அதைவிடப் பெரிய லாபம் வரும். இப்படி ஒரு விசித்திரம் நகரத்து நிலத்துக்கு மட்டுமே உண்டு.

இங்கேதான் கட்டடக் கலை மேடைக்கு வருகிறது. 1991-ல் பம்பாய்க்கு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் 58-வது விதி ஆலை நிலம் பற்றியது. ஆலை நிலத்தை விற்றுப் புதிதாகக் கட்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுமக்களின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு, ஒரு பங்கு உடைமையாளருக்கு. காதுக்கு இனிமையாக இருக்கிறது அல்லவா? அதே விதியில் இன்னொரு வாசகமும் இருந்தது. ஏற்கெனவே உள்ள கட்டடத்தை அப்படியே வைத்து வர்த்தகத்துக்குப் பயன்படுத்தலாம். அதற்குப் பங்கு கொடுக்கத் தேவையில்லை.

பார்த்தீர்களா சூட்சுமத்தை! இடித்தால் பங்கு உண்டு. இடிக்காவிட்டால் பங்கு இல்லை. பழைய சுவரின் மேல் முதலாளிகளுக்குத் திடீர்க் காதல் பிறந்த கதை இதுதான். நூற்புக் கூடம் கடையாயிற்று, தறிக் கூடம் ஆபீஸ் ஆயிற்று, கிடங்கு உணவு விடுதியாயிற்று. லோயர் பரேலில் 1905-ல் தொடங்கிய பீனிக்ஸ் ஆலை இன்று பெரும் கடை வளாகம். பந்து உருட்டி விளையாட அங்கே ஒரு கூடமும் வந்தது. புகைபோக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. உள்ளே வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் புகையைத் தின்றவனுக்கு உள்ளே ஒரு குவளை தேநீர் வாங்கக் கட்டுப்படியாகாது.

இதோடும் திருப்தி வரவில்லை. 1996-ல் சர்க்கார், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. நிலங்களை ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிட்டால் நகரத்துக்குப் பூங்காவும் சாலையும் வீடும் கிடைக்கும் என்று அந்தக் குழு யோசனை சொன்னது. யோசனை அலமாரியில் தூங்கியது. 2001-ல் விதி 58 திருத்தப்பட்டது. இனிமேல் மொத்த நிலத்தில் பங்கு கிடையாது. அன்றைக்குக் காலியாக இருந்த தரையில் மட்டுமே பங்கு! ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ஏக்கர் ஆலை. அதில் ஒன்பது ஏக்கரில் கட்டடம், மூன்று ஏக்கர் காலித் தரை என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி எல்லாவற்றையும் இடித்துக் கட்டினால் ஊருக்கு நாலு, வீட்டுக்கு நாலு, உடைமையாளருக்கு நாலு. புதிய விதிப்படி ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, உடைமையாளருக்குப் பத்து. இனி இடித்தாலும் அவனுக்கே, இடிக்காவிட்டாலும் அவனுக்கே. அவ்வளவுதான், பழைய சுவரின் மேல் இருந்த காதலும் காற்றில் பறந்தது. வானளாவிய கோபுரங்கள் எழுந்தன. வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் 2005-ல் மக்கள் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2006 மார்ச்சில் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இடிபடாமல் நின்ற ஆலை வளாகங்களில் ஒன்று கமலா மில்ஸ். அங்கே மொட்டை மாடியில் உணவு விடுதிகள். 2017 டிசம்பர் 29-ந் தேதி நள்ளிரவு தாண்டியதும் தீப்பற்றியது. பதினான்கு பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி. ஆலைக் கூடத்தை ஆலைச் சட்டம் காத்தது. கேளிக்கைக் கூடமாக்கியபோது எந்தச் சட்டம் காத்தது? வெறும் வண்ணப் பூச்சோடு முடிகிற காரியம் அல்ல மறுபயன். வெளியேறும் வழி, படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் புதிதாக யோசித்தாக வேண்டும்.

அப்படியானால் வேறு வழியே கிடையாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பம்பாய்த் தொழிலாளி வேலைநிறுத்தத்தில் இறங்கிய அதே 1982-ம் ஆண்டில், பூமியின் மறுபக்கத்தில், பிரேசில் நாட்டு சாவோ பாலோ நகரத்தில் ஒரு பழைய தொழிற்சாலைக்கு மறுவாழ்வு கிடைத்தது. பொம்பேயா என்ற பேட்டையில் 1930-களில் பீப்பாய் செய்யக் கட்டிய செங்கல் கூடங்கள் அவை. பிறகு அதில் குளிர்பெட்டி செய்தார்கள். பிறகு அதுவும் ஓய்ந்தது. வர்த்தக ஊழியர்களுக்கான சமூக சேவை நிறுவனம் ஒன்று 1971-ல் அதை வாங்கியது. லினா போ பார்டி என்ற அம்மையாரிடம் 1976-ல் வேலை ஒப்படைக்கப்பட்டது. இத்தாலியில் பிறந்து 1946-ல் பிரேசிலுக்கு வந்தவர் அவர்.

அந்த அம்மையார் முதலில் செய்தது என்ன? காகிதத்தில் கோடு போடவில்லை, போய்ப் பார்த்தார். முதல் தடவை ஆளில்லாத கூடங்கள்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் தடவை ஒரு சனிக்கிழமை போனார். பையன்கள் பந்து உதைக்கிறார்கள், தாய்மார்கள் அடுப்பில் இறைச்சி சுடுகிறார்கள், கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓரத்தில் பொம்மலாட்டம் நடக்கிறது. இவ்வளவும் இப்படியே நடக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். திட்டத்தில் முதலில் குடியேறியவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்த ஜனங்கள்! பிறகுதான் கட்டடம். வேலை நடந்த ஆண்டுகளில் தம் ஆபீசையே வேலைத் தளத்துக்குள் வைத்துக்கொண்டார். கொத்தனாரையும் தச்சரையும் கேட்டுக் கேட்டே தீர்மானித்தார். சுவரின் காரையைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டினார். நடுவே ஓடிய தடுப்புகளை எடுத்தார். பெரிய கூடத்துக்குள் ஆறு போல வளைந்து ஓடும் ஒரு நீர்நிலை. குளிருக்கு ஒரு கணப்பு. நடுக் கூடத்தில் நூலகம். ஒருவர் படிக்கிறார், ஒருவர் சதுரங்கம் ஆடுகிறார், ஒருவர் தூங்குகிறார், யாரும் எழுப்புவதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நீண்ட பொது மேசைகள். பானை வனையவும் அச்சடிக்கவும் தொழிற்கூடங்கள். நாடகக் கொட்டகையில் மெத்தையில்லாத மர இருக்கை. (சாய்ந்து உறங்க வருகிறவர்களுக்கு அல்ல நாடகம் என்பது அம்மையாரின் கட்சி. நம் மேடைகளுக்கும் பொருந்தும்.)

விளையாட்டுக்கு இடம் போதவில்லை. நிலத்தின் நடுவே மண்ணுக்கடியில் ஓர் ஓடை, அதன்மேல் கட்டக்கூடாது. இரண்டு பக்கமும் இரண்டு கான்கிரீட் கோபுரங்களை நிறுத்தி, ஆகாயத்தில் பாலங்கள் போட்டு இணைத்தார். ஓடையின் மேல் மரப் பலகை விரித்தார். கடல் இல்லாத அந்த நகரத்து ஜனங்கள் கோடையில் அங்கே படுத்து வெயில் காய்கிறார்கள். கடற்கரை என்றே அதற்குப் பெயர். கோபுரங்கள் 1986-ல் முடிந்தன. நாட்டில் ராணுவ ஆட்சி நடந்த காலத்தில் தொடங்கிய வேலை இது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோழர்கள் சிலர் குறுக்கே கேட்கலாம்: “அந்த நிறுவனத்தை நடத்துவது வர்த்தக முதலாளிகளின் சங்கம்தானே?” ஆம், மறைக்கவில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது? வர்த்தகத் துறை சம்பளப் பட்டியலின் மேல் ஒன்றரை சதவீதம் கட்டாய வரி. தரும சிந்தனையால் அல்ல, சட்டத்தால் வருகிற பணம். நிலத்தைப் பிழிந்து லாபம் எடுக்க வேண்டிய அவசியம் அந்தக் கட்டடத்துக்கு இல்லை; அதனால்தான் ஒருவன் அங்கே தூங்க முடிகிறது. பரேலில் ஒரு சதுர அடி தூங்கினால் உடைமையாளனுக்குத் தூக்கம் போய்விடும்! பம்பாயில் கெட்டிக்காரக் கட்டடக் கலைஞர்களுக்குப் பஞ்சமா? கொரியாவின் குழு ஒன்று போதாதா சாட்சிக்கு? சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டது வேறு என்பதுதான் வித்தியாசம்.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பெரம்பூர் பக்கத்துப் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது, வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் பேசிய மண் அது. ஆலை 1996-ல் மூடப்பட்டது. பாழடைந்த கூடங்களில் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தார்கள். பிறகு அடுக்குமாடிகள் எழுந்தன. 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த வட்டாரத்தில், சினிமா துப்பாக்கி வெடித்தது. அங்கே ஒரு நூலகமோ தொழிற்பயிற்சிக் கூடமோ அமைந்திருந்தால் பழைய சுவர்கள் தாங்கியிருக்காதா?

பம்பாய்த் தொழிலாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஆலை நிலத்தில் கிடைத்த சொற்பப் பங்கிலாவது எங்களுக்கு வீடு என்று போராடி வாங்கினார்கள். வீடு என்றால் 225 சதுர அடி. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் அவர்களுடைய வாரிசுகளும் மனுப் போட்டார்கள். 2012-ல் பெரிய குலுக்கல் ஒன்று நடந்தது; 2020 மார்ச்சில் நடந்த குலுக்கலில் 3,894 வீடுகள். மனுவோடு மாண்டவர்கள் போக, மிச்சமிருப்பவர்களுக்கு 2024-ல் ஒரு யோசனை வந்தது. பம்பாயில் அல்ல, கல்யாணுக்கும் அப்பால், கர்ஜத் போகிற ரயில் பாதையில் உள்ள ஷேலுவிலும் வாங்கணியிலும் வீடு தருகிறோம் என்றார்கள்.

2025 ஜூலையில் அந்தக் கிழத் தொழிலாளர்கள் ஆசாத் மைதானத்தில் வந்து உட்கார்ந்தார்கள். 1982-ல் இருபத்தைந்து வயதாக இருந்தவனுக்கு அன்று அறுபத்தெட்டு. ஷேலு வேண்டாம், வாங்கணி வேண்டாம், எங்கள் ஆலை நின்ற பம்பாயிலேயே வீடு கொடு என்று மழையில் நின்று கேட்டார்கள்.