ஒத்திகைப் போட்டியில் இரண்டாவது ஓட்டம் வேண்டும்

சாரல் காலத்தில் குற்றாலத்து வானம் ஒரு நிலையில் நிற்காது. மலைப்பக்கம் மேகம் கவியும், சட்டென்று வெயிலடிக்கும், மறுபடி தூறும். தென்காசிக்கு அருகே ஒரு பள்ளியில் நடந்த மாணவர் ரோபோ ஒத்திகைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். நான் இயற்பியல் ஆசிரியன். முதல் சுற்றில் பெரும்பாலான ரோபோ வண்டிகள் தடம் மாறியதற்கு அந்த வெயில்தான் காரணம்.

தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பின்பற்றும் வண்டியின் அடியில் அகச்சிவப்பு சென்சார்கள் இருக்கும். வெள்ளைத் தரை கதிரைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு விழுங்கிக்கொள்ளும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. வகுப்பறை டியூப்லைட்டில் எடுத்த அளவைப் பிள்ளைகள் புரோகிராமில் எழுதி வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் விழுந்ததும் சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையாகிவிட்டது. பேட்டரியும் கைகொடுக்கவில்லை. இரண்டு லித்தியம் செல்கள் முழு சார்ஜில் 8.4 வோல்ட் தரும். ஓட ஓட 7.4க்கு இறங்கிவிடும். 'அரை விநாடி திரும்பு' என்று எழுதியிருந்த வண்டி, மதியத்தில் பாதித் திருப்பத்திலேயே நின்றது.

அமைப்பாளர்கள் செய்த நல்ல காரியம், ஒரு மணி நேரம் கொடுத்து எல்லோரையும் மறுபடி ஓடவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் அட்டையை வெட்டி சென்சாரைச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். இன்னொரு அணி, சென்சாரின் விளக்கை அணைத்து வெளியொளியை மட்டும் அளந்து, அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டது. பாடப்புத்தகத்திலிருந்து நான் ஒளிப் பாடம் நடத்தும்போது என் மாணவர்களின் முகத்தில் இந்த வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

நாம் நடத்தும் ஒத்திகைகள் பெரும்பாலும் பெரிய போட்டியின் சின்ன நகல்கள். சிறப்பு விருந்தினர், கேடயம், புகைப்படம், ஒரே ஓட்டம், வீடு. இதில் எனக்கு உடன்பாடில்லை. உலக ரோபோ ஒலிம்பியாடில் போட்டியன்று காலையில்தான் புதிய விதி ஒன்றை அறிவிப்பார்கள். தனியார் பயிற்சி மையத்தில் வாராவாரம் பழகும் நகரத்துப் பிள்ளை அதைச் சமாளிப்பான். கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கே கிடைக்கும்?

கருவிகள் வரத் தொடங்கிவிட்டன. 2016 முதல் மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அந்த ஆய்வகங்கள் சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப்புறம் கொட்டாரக்கரையில் அதே நிறுவனம் 2025இல் ஆராய்ச்சி மையம் திறந்தது. இந்த இரண்டு இடங்களிலும் உள்ள பொறியாளர்களை மதிப்பெண் போடக் கூப்பிட வேண்டாம். இரண்டு ஓட்டங்களுக்கும் இடையிலான அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளோடு தரையில் உட்காரக் கூப்பிடுவோம். மாவட்டக் கல்வித் துறை அடுத்த சாரலுக்கு முன்பே இப்படி இரண்டு ஓட்டங்கள் உள்ள ஒத்திகைக்கு நாள் குறிக்க வேண்டும். கேடயத்துக்கான பணத்தில் பேட்டரி வாங்கலாம். ஜன்னல்களைச் சாத்த வேண்டாம்.