மண்ணுக்குப் பூட்டு சரி, சாவி யார் கையில்?

கள்ளக்குறிச்சியில் நில உரிமைக் கூட்டம் ஒன்று. கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. பஞ்சமி நிலம் பற்றி நாலு பேர் பேசி முடித்த பிறகு நான் எழுந்து, "மீட்கிற நிலத்தில் ஊனமுற்றவர்களுக்கு எப்படி வீடு கொடுக்கப் போகிறோம்?" என்று கேட்டேன். மேடையிலிருந்த மூத்த தோழர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல ஒட்டுமொத்த சேரிக்கும் பட்டா வாங்குவோம் தம்பி. நொண்டி குருடு விஷயமெல்லாம் அப்புறம் தனியா பாத்துக்கலாம்." கூட்டமும் சிரித்தது. அந்த வார்த்தை உறுத்தவேண்டியவர்கள் அந்த மாடிக்கு ஏறி வந்திருக்கவே முடியாது.

'அப்புறம்' என்கிற சொல் நமக்குப் புதிதா? முதலில் சுதந்திரம், தீண்டாமை அப்புறம் என்றார்கள் காங்கிரஸ்காரர்கள். முதலில் வர்க்கம், சாதி அப்புறம் என்றார்கள் இடதுசாரித் தோழர்கள். அந்த 'அப்புறம்' வரவே இல்லை என்பதால்தான் நாம் தனியாக இயக்கம் கட்டினோம், தனியாகப் பத்திரிகை நடத்துகிறோம். இன்றைக்கு நம் மேடையிலிருந்தே அந்தச் சொல் வருகிறது. அந்தத் தோழருக்கான பதில் இது. எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய பதிலும்கூட.

என் அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். இரண்டு காலும் போச்சு. கையில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையில் நகர்ந்துதான் எல்லா வேலையும் செய்யும். கைமெஷின் சுற்றி ஜாக்கெட் தைக்கும். என்னைப் பட்டதாரி ஆக்கியதில் பாதிக் காசு அந்த மெஷினில் இருந்து வந்தது. அப்பாவுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூணு சென்ட் மனை இருந்தது. அப்பா செத்த பிறகு அண்ணன் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, கந்துவட்டி. ஊர்த்தெருக்காரர் ஒருவர் முத்திரைத்தாளில் 'கிரயம்' எழுதிக்கொண்டு வந்தார். பதிவு ஆபீஸ் பக்கமே போகாத கிரயம். ஆம்பளைப் பிள்ளைகள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். போட்டோம். அக்காவை ஒரு வார்த்தை கேட்கணும் என்று யாருக்கும் தோணல. கட்டிக் கொடுக்கிற பொண்ணுன்னா சீராவது செய்யணும், இது எங்க போகப் போகுது என்றுதான் பேச்சு. நிபந்தனைப் பட்டாவை இப்படி விற்பது செல்லாது என்று எனக்குத் தெரியும். தினமும் பத்திரம் பார்க்கிற பாங்க் கிளார்க் நான். தெரிந்தேதான் போட்டேன்.

இன்றைக்கு அக்கா இருப்பது அண்ணனின் வாடகை வீட்டுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில். எனக்கு வீடு இருக்கிறது. வங்கி ஊழியனுக்கான குறைந்த வட்டியில் கட்டியது. வாசலில் ஐந்து படி. புதுமனை புகுவிழா அன்றைக்கு அக்காவை முதுகில் சுமந்து ஏற்றினேன். "நல்லாத்தான்டா கட்டியிருக்க, நான் வந்துடக் கூடாதுன்னு" என்று சொல்லிச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிச்சு.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். சக்கர நாற்காலி ஏற ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் வேண்டும். ஐந்து படி என்றால் இரண்டரை அடி உயரம். முப்பது அடி சாய்தளம். என் மனையின் முகப்பே இருபத்தாறு அடிதான். கட்டி முடித்த வீட்டில் 'அப்புறம்' என்று ஒன்று கிடையாது தோழர். அடித்தளம் போடும்போதே யோசிக்கணும். இயக்கத்துக்கும் அதே விதிதான்.

இனி கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனாகச் சில செய்திகள். பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் கிராமத்துக்கு, சமவெளியில் 1.20 லட்சம், மலையில் 1.30 லட்சம். 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லத்தில் 3.5 லட்சம். இரண்டுமே செங்கல்லுக்கும் சிமெண்டுக்குமான பணம். மண்ணில்லாதவருக்கு மண் தேடித் தருவது அரசின் பொறுப்பு என்று காகிதத்தில் எழுதியிருக்கலாம். நடைமுறையில் பட்டா நகலோடு வருகிறவர்தான் வரிசையில் முன்னால் நிற்கிறார். பட்டா யார் பேரில் இருக்கிறது? அப்பன் பேரில், அண்ணன் பேரில். அக்காக்கள் பேரில் சேரியில் எத்தனை பட்டா இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் மிச்சமாகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவைப் படியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு, அரசு ஒதுக்கும் விவசாய நிலத்திலும் வீட்டிலும் 5 சதவீதம், அதில் பெண்களுக்கு முன்னுரிமை. வீட்டுக்கும் தொழிலுக்கும் சலுகை விலையில் ஒதுக்கும் நிலத்தில் இன்னொரு 5 சதவீதம். எந்த நில உரிமை மாநாட்டுத் தீர்மானத்திலாவது இந்தப் பிரிவை நாம் எழுதியிருக்கிறோமா? நமக்கு ஹரிஜன் என்று பேர் வைத்தான். கடவுளின் பிள்ளைக்கு ஊர்க்கிணற்றில் ஒரு வாளி தண்ணி கிடைக்கவில்லை. அவர்களுக்கு மாற்றுத்திறனாளி என்று பேர் வைத்தார்கள். பேர் மாறியது, தகரக் கொட்டகை மாறவில்லை. இதை நம்மைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்?

சரி, அக்கா பேரிலேயே ஒரு பட்டா வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்ததா? முடியாது. அதைத்தான் பஞ்சமி நிலம் நமக்குச் சொல்லித் தருகிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர்கள் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. நிலம் கொடுத்தார்கள், பூட்டும் போட்டார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, தானம் குத்தகை எதுவும் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டும்தான் கைமாற்றலாம். மீறினால் செல்லாது. நல்ல பூட்டு. ஆனால் சாவியை யாரிடம் கொடுத்தார்கள்? கர்ணம், மணியக்காரர், தாசில்தாரிடம். பூட்டு உடையாமலே வீடு காலியானது. கேட்கப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்துக் காட்டினார்கள். அந்த நிலத்தைக் கேட்க நமக்கு நூறு காரணம் இருக்கிறது. மீட்ட நிலத்தை எப்படி வைத்திருப்பது என்று யோசிக்காமல் கேட்டால், மறுபடி ஒரு ஊர்த்தெருக்காரர் முத்திரைத்தாளோடு வருவார். மறுபடி ஒரு தம்பி கையெழுத்துப் போடுவான்.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் சடையகவுண்டன், குறும்பகவுண்டன், ஆரியகவுண்டன் என்று மூன்று ஜாகீர். மலையாளிப் பழங்குடிகள் உழுத மண்ணுக்கு ஜாகீர்தாரே சொந்தக்காரர். வெட்டி வேலையும் அவருக்குத்தான். 1976இல்தான் ஜாகீர் அரசிடம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து! தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை என்பதால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தருகிற உரிமைக்கும் ஒரு பூட்டு உண்டு. வாரிசுக்குப் போகும், விற்கவோ கைமாற்றவோ முடியாது. கணவன் மனைவி இருவர் பேரிலும் பதியவேண்டும். நல்லது. ஆனால் அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக் கடனுக்கு என் கவுண்டருக்கு வந்தால்? "விற்க முடியாத நிலத்துக்கு மதிப்பு இல்லீங்க" என்று ஒரே வரியில் பதில் வரும். சொல்வது நான்தான். சொல்லச் சொல்வது மேலே இருப்பவர்கள்.

இதுதான் நம்மை மாட்டிவைத்திருக்கிற கிடுக்கி. விற்கிற மாதிரி பட்டா கொடுத்தால் நிலம் போய்விடும். விற்க முடியாத பட்டா கொடுத்தால் கடன் வராது, வீடு வராது. உழைத்து, ஓடி, நிலத்தைக் காவல் காக்க முடிகிறவனுக்கே இந்தக் கதி. கண் தெரியாதவருக்கும் கால் இல்லாதவருக்கும்?

இந்தக் கிடுக்கியை உடைத்துப் பார்த்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியாவில் ஓட்டுக்குப் பேர் பதிந்த குற்றத்துக்காகக் கறுப்பின மக்களைப் பண்ணைகளிலிருந்து விரட்டினார்கள். கூலி கேட்ட சேரியை விரட்டுவது நமக்குத் தெரியாததா? 1969இல் அல்பனி நகருக்குப் பக்கத்தில் சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் போன்ற போராளிகள் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்று ஓர் அமைப்பை உண்டாக்கிச் சுமார் 5,700 ஏக்கர் வாங்கினார்கள். மண் யாருக்கும் தனியாகச் சொந்தம் இல்லை, அமைப்புக்குச் சொந்தம். மேலே இருக்கிற வீடு குடும்பத்துக்குச் சொந்தம். மண்ணை நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுப்பது. இதற்குச் சமூக நில அறக்கட்டளை என்று பேர். இதற்கு யோசனை சொன்ன பாப் ஸ்வான் போன்றவர்கள் பார்த்துப் படித்த முன்மாதிரிகளில் ஒன்று வினோபாவின் கிராமதானம். நம் ஊரில் நிலவுடைமையாளனின் மனசாட்சியைச் சொறிந்துவிட்டு, கல்லும் கரம்புமாகத் தந்துவிட்டுப் போன தானத்திலிருந்து, அங்கே கறுப்பின மக்கள் உரிமையை உருவி எடுத்திருக்கிறார்கள்.

அவர்களும் தோற்றார்கள். வறட்சி வந்தது. வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் அவர்களுக்குக் காலத்தில் கிடைக்கவில்லை. 1985இல் கடனுக்காக அத்தனை நிலமும் போனது. பாகுபாடு நடந்தது உண்மைதான் என்று 2009இல் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. 2011இல் முன்பு அடிமைகளை வைத்திருந்தவனின் பண்ணை ஒன்றையே வாங்கி மறுபடி தொடங்கினார்கள். கடன் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதில் ஒரே பாடம்தான்: மண்ணை ஈடு காட்டாதே. வீட்டை மட்டும் காட்டு. தவணை தவறினால், ஏலத்துக்கு முன்னால் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கிற முதல் உரிமை அறக்கட்டளைக்கு இருக்கட்டும். இப்படி எழுதி அரசும் உத்தரவாதம் கொடுத்தால் கடன் கொடுக்க முடியாது என்று சொல்ல எந்த வங்கிக்கும் நியாயம் இல்லை.

இங்கே எப்படி? மீட்கிற பஞ்சமி நிலத்தில் ஒரு பங்கு, 37ஆம் பிரிவில் அரசு தரவேண்டிய நிலம், இரண்டையும் சேரி மக்களின் அறக்கட்டளை பேரில் எழுதச் சொல்வோம். அதற்குத் தனிச் சட்டம் வேண்டுமென்றால் அதைக் கேட்போம். நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு குடியிருப்பவர்கள், ஒரு பங்கு சுற்றியுள்ள சேரி மக்கள், ஒரு பங்கு பொதுவானவர்கள். உலகமெங்கும் பழகிய ஏற்பாடு இது. நம் ஊரில் ஒரு திருத்தம்: குழுவில் பாதிப் பேர் ஊனமுற்றவர்களாக, அதில் பாதி பெண்களாக இருக்கட்டும். 99 வருஷக் குத்தகை அக்காக்கள் பேரில். வீடு அவர்கள் சொத்து. யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது, தம்பி கையெழுத்தும் செல்லாது. விற்க நேர்ந்தால் கட்டடத்துக்கு மட்டும் விலை. மண்ணின் விலை அதில் ஏறாது. வாங்குகிறவரும் அதே நிலையில் உள்ளவராக இருக்கவேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஊருக்கு வெளியே 'ஊனமுற்றோர் காலனி' என்று கட்டக் கூடாது. காலனி என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எல்லா வீடுகளுக்கும் நடுவே, ரோட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் கடைக்கும் பக்கத்தில், படி இல்லாத வாசலோடு இருக்கவேண்டும்.

"டிரஸ்ட்டா? அது காந்தியின் தர்மகர்த்தா முறை ஆச்சே, மடத்துச் சொத்து மாதிரி ஆயிடுமே" என்று கேட்பார்கள். நியாயமான பயம். தர்மகர்த்தா முறையில் சாவி ஆண்டையிடம் இருக்கும். நான் சொல்வதில் சாவி குடியிருப்பவரிடம் இருக்கிறது. இன்னும் சந்தேகம் இருந்தால் காந்தியை விடுங்கள், அம்பேத்கரை எடுங்கள். 1947இல் அவர் எழுதிய 'மாகாணங்களும் சிறுபான்மையினரும்' என்ற நூலில், பயிரிடத் தக்க அரசு நிலங்களை ஒரு குடியமர்வு ஆணையத்திடம் பொறுப்பாக ஒப்படைத்து, தாழ்த்தப்பட்டோருக்குப் புதுக் குடியிருப்புகள் அமைக்க வேண்டும் என்று கேட்கிறார். நிலத்தைத் தனித்தனியாகப் பிய்த்துக் கொடுத்தால் சாதி இந்து தின்றுவிடுவான் என்று பாபாசாகேப்புக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் மறந்துபோய்விட்டது.

'அப்புறம்' என்று சொல்ல நேரமும் இல்லை. 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயத்தில் கலந்த மெத்தனால் 65 பேருக்கு மேல் கொன்றது. மெத்தனால் முதலில் பிடிப்பது கண் நரம்பை. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50,000 என்று அரசு அறிவித்தது. பிழைத்து, பார்வை போய் வீடு திரும்பியவர்கள் அந்த 50,000 கணக்கில் வருகிறார்கள். ஓலையும் தகரமுமான வீட்டில், சாக்கடை ஓரச் சந்தில் தடவித் தடவி நடக்கிறவர்களிடம் போய், முதலில் எல்லாருக்கும் பட்டா என்று சொல்லிப் பாருங்கள்.

அந்தத் தோழர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதைத்தான் நான் கையெழுத்தாகப் போட்டேன். அந்தக் கிரயம் செல்லாது என்று மனு எழுதியிருக்கிறேன், கலெக்டர் ஆபீசுக்கு. முதல் கையெழுத்து அக்காவுடையது. என் பேர் கீழே சாட்சியாக மட்டும் இருக்கிறது. மீண்டு வந்தால் அந்த மூணு சென்ட் மண் அறக்கட்டளைக்கு, அதன்மேல் கட்டுகிற வீடு தனக்கு என்று அக்கா சொல்லிவிட்டது.

அடுத்த நில உரிமைக் கூட்டத்தைத் தரையில் வையுங்கள் தோழர்களே. மண்டபம் கிடைக்காவிட்டால் சேரி மரத்தடி போதும். அக்கா வரும். மீதியை அதுவே கேட்கும்.