கொடுத்ததை எண்ணுகிறோம், விளைந்ததைக் கேட்கிறோமா?

ரமலான் முடிந்து ஷவ்வால் பிறந்ததும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஜகாத் கணக்கை ஒட்டுவது நம் மஹல்லாக்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. வசூல் இவ்வளவு, பயனாளிகள் இத்தனை பேர், தையல் இயந்திரம் இத்தனை, தள்ளுவண்டி இத்தனை, கல்விக் கட்டணம் இவ்வளவு என ஒளிவுமறைவின்றி எழுதப்படும் அக்கணக்கு பாராட்டுக்குரியதே. ஆயினும் ஒரு வரியை மட்டும் அதில் காண்பது அரிது: சென்ற ஆண்டு கொடுத்தவை என்னவாயின?

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் போன்ற சிறு பேரூர்களை எண்ணிப் பாருங்கள். மழை பொய்த்தால் வயல்வேலை இல்லை. ஆண்கள் பெங்களூருக்கோ ஓசூருக்கோ திருப்பூருக்கோ பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். வீட்டில் எஞ்சும் பெண்ணுக்கு நாம் ஒரு தையல் இயந்திரம் தருகிறோம். ஆயத்த ஆடைகள் மலிந்துவிட்ட காலத்தில் அவளிடம் துணி தைக்கக் கொடுப்போர் எத்தனை பேர்? ஆறு மாதத்தில் அந்த இயந்திரம் வட்டிக் கடனுக்கு அடமானமாகப் போயிற்றா? நாம் கேட்பதில்லை. எனவே மறு ஆண்டும் தையல் இயந்திரமே வாங்குகிறோம். நம் அறியாமைக்கான விலையை அந்தப் பெண் செலுத்துகிறாள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கப்பட்டது. ஓர் இரவு, மதீனாவின் புறத்தே வந்து தங்கிய வணிகக் கூட்டத்திற்கு அவர்கள் காவலிருந்தபோது, ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் சென்று வினவினார்கள். யாரிடம் பேசுகிறோம் என்றறியாத அப்பெண், உதவித்தொகைக்காகக் குழந்தையின் பாலை முன்கூட்டியே நிறுத்துவதாகக் கூறினாள். அன்று ஃபஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் அழுகையால் ஓதுதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று உடனே சட்டம் மாற்றப்பட்டது.

அத்திட்டத்தின் நோக்கம் நல்லது. பதிவேட்டைப் புரட்டியிருந்தால் எல்லாம் ஒழுங்காகவே தோன்றியிருக்கும். பிழையைக் காட்டியது பதிவேடன்று. பயனாளியின் வாசலில் நின்று கேட்ட ஒரு கேள்வி.

கலீஃபாவுக்கு இயன்றது நமக்கு இயலுமா என்று சிலர் ஐயுறலாம். அதற்கும் நம் மாநிலத்திலேயே விடை உண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு வளர்ச்சி அட்டையில் குறித்தனர். எடை கூடாத குழந்தைக்குக் குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு, தேறினால் நிறுத்தம், தேறாவிடில் நீட்டிப்பும் மருத்துவக் கவனிப்பும். இதைச் செய்தவர்கள் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் அல்லர். அந்தந்த ஊரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கப்பட்ட பெண்கள். உணவு வழங்கினோம் என்பதோடு நில்லாமல், குழந்தை வளர்ந்ததா என்பதையும் அவர்களே கண்டறிந்தனர்.

நம் மஹல்லாக்களிலும் படித்த பெண்பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களுள் இருவரையோ மூவரையோ ஜமாஅத் தேர்ந்தெடுக்கட்டும். எப்படிக் கேட்பது, எப்படிக் குறிப்பது, கேட்டதை எப்படி அமானிதமாகக் காப்பது என்று பயிற்றுவிக்கட்டும். உதவி பெற்ற குடும்பத்தை 3, 6, 12-ஆம் மாதங்களில் அவர்கள் சந்திக்கட்டும். கேள்விகள் மூன்று போதும்: கொடுத்தது கையில் இருக்கிறதா? அதனால் வருமானமோ படிப்போ கூடியதா? வேறு எதைத் தந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்?

இதற்குச் செலவாகுமே என்பர். தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடையோராகக் குறிப்பிடும் எட்டு வகையினருள், அதனை வசூலித்து நிர்வகிக்கும் பணியாளர்களும் அடங்குவர். நிர்வாகமும் உழைப்பே என்பதை மார்க்கம் ஏற்றிருக்கிறது. இப்பணிக்கு ஜகாத்திலிருந்தே ஊதியம் தரலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டறியலாம். ஐயமிருப்பின் பொதுவான ஸதகா நிதியிலிருந்து தரலாம்.

இதனினும் கனமான மறுப்பு ஒன்றுண்டு. கொடுத்துவிட்டுப் பின்தொடர்ந்து கேட்பது, சொல்லிக்காட்டி நோவினை செய்வதாகாதா? சொல்லிக்காட்டுதல் தர்மத்தையே வீணாக்கிவிடும் எனக் குர்ஆன் எச்சரிப்பதால், இந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் கேள்வியின் திசை மாற வேண்டும். விசாரிக்கப்படுவது குடும்பமன்று, நம் திட்டம். இயந்திரத்தை விற்றுவிட்டேன் என்று ஒரு சகோதரி சொன்னால், குறை அவளிடமில்லை. நாம் தந்த உதவி அவளுக்குப் பொருந்தவில்லை என்றே குறிக்க வேண்டும். பெயர்கள் பலகைக்கு வரலாகாது; பாடங்கள் மட்டுமே வர வேண்டும். பயன் தராதவற்றையும் நிர்வாகிகள் துணிந்து எழுத வேண்டும். பத்து உதவிகளுள் நான்கு பலிக்கவில்லை என்று எழுதும் ஜமாஅத், பத்தும் வழங்கப்பட்டன என்று மட்டும் எழுதும் ஜமாஅத்தைவிட நம்பிக்கைக்குரியது.

ஜகாத் கொடுத்தவரின் கடமை கொடுத்ததோடு முடியலாம். அதைப் பொறுப்பேற்று வழங்குவோரின் பொறுப்பு அங்கே முடிவதில்லை. வருகிற ரமலானில் வசூலுக்கு முன்பே, சென்ற ஆண்டு உதவி பெற்ற வீடுகளின் கதவை ஒருமுறை தட்டுவோம். ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டுத் தம் சட்டத்தையே மாற்றிய அமீருல் முஃமினீனின் நேர்மையை வல்ல அல்லாஹ் நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.