"எனக்கு இன்னும் சோறு தரேல்லை"



எங்கள் ஊர்ப்பக்கத்தில் இதற்கு அறளை பெயர்தல் என்று பெயர். வயது போனால் வருவதுதானே என்று விட்டுவிடுவோம். வைத்தியர்கள் இதை மறதிநோய் என்கிறார்கள். மூளையின் கலங்கள் சிறிது சிறிதாகச் செயலிழப்பதால் வரும் நோய் இது. வயது போன எல்லோருக்கும் வருவதில்லை. பெயரும் திகதியும் மறந்தால் சமாளித்துவிடலாம். சாப்பாட்டு விஷயத்தில் மறதி வரும்போதுதான் வீட்டிலுள்ள பெண்ணின் பாடு பெரும்பாடாகிறது.

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். தனியொருத்தியாக இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் பார்க்கிறார். மாமியாருக்குச் சலரோகமும் உண்டு. காலையில் பிட்டுச் சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு படலையில் போய் நின்று, "எனக்கு இன்னும் ஒண்டும் தரேல்லை" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறாராம். அயலில் சிலர் அதை நம்பியும் விட்டார்கள்.

சகோதரி, இந்தப் படலைக் கதையை என் மாமியிடம் நானும் ஆறு வருடம் கேட்டவள். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது அவருடைய நினைவில் பதியவில்லை. வயிறு நிறைந்ததைச் சொல்லும் உணர்வும் இந்த நோயில் குழம்பிவிடும். "இப்பதானே சாப்பிட்டனீங்கள்" என்று வாதாடினால் கோபம்தான் மிஞ்சும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள். காலையில் நாலு இடியப்பம் கொடுப்பதென்றால் இரண்டை எடுத்து வைத்துப் பத்து மணிக்குக் கொடுக்கலாம். கேட்கும்போது கையில் கொடுக்க ஏதாவது இருக்கும். மொத்த அளவும் கூடாது. அயலவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லியே விளக்குங்கள். நான் கிளினிக் கொப்பியைக் காட்டியே இரண்டு வாய்களை மூடினேன்.

அடுத்தது இனிப்பு. இந்த நோயில் மணமும் சுவையும் மங்கிப்போக, பலருக்கு இனிப்பே பிடித்தமாகிவிடுகிறது. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோயில் இனிப்பு ஆசை ஓர் அறிகுறியாகவே வரும். சீனிப் போத்தலைக் கண்ணில் படாமல் வையுங்கள். பப்பாசித் துண்டு, பாதிக் கதலிப்பழம், ஒரு பேரீச்சம்பழம் போன்றவற்றை இடைக்கிடை கொடுங்கள். பனங்கட்டி சலரோகத்துக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். அதுவும் இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். தேநீரோடு கடிக்க ஒரு சின்னத்துண்டு போதும்.

ஆனால் ஒரேயடியாக மறிக்கவும் வேண்டாம். இந்த வயதில் சீனி கூடுவதைவிட, திடீரென்று இறங்குவதுதான் உடனடி ஆபத்து. குளிசையையோ இன்சுலினையோ கொடுத்த பிறகு அவர் சாப்பிட மறுத்தால் என்ன செய்வது என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வியர்வை, நடுக்கம், வழமையைவிட அதிக தடுமாற்றம் தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்குங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம்.

எங்கள் வீட்டில் இன்னொன்றும் இருந்தது. 2009இல் காணாமற்போன மகனுக்கென்று மாமி ஒவ்வொரு நாளும் ஒரு பிடி சோற்றைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைப்பார். அந்த மகன்தான் என் கணவர். பட்டினியைக் கண்டவர்கள் மறதியிலும் சாப்பாட்டை ஒளித்து வைப்பார்கள். வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் எங்கள் வெக்கையில் மீன்குழம்புச் சோறு பின்னேரத்துக்குள் பழுதாகிவிடும். பிறகு அதையே அவர் எடுத்துச் சாப்பிட்டுவிடுவார். பறித்தால் அழுவார். அதனால் மூடியுள்ள தகரப்பேணி ஒன்றில் பிஸ்கட் போட்டு, "இது அவருக்கு, இதுக்குள்ளை வைப்பம் மாமி" என்று கொடுத்தேன். சோற்று முடிச்சு நின்றுவிட்டது. பேணியை மட்டும் கிழமைக்கொருக்கால் நான் மாற்றி வைப்பேன்.

"அவன் சாப்பிட்டவனோ?" என்று கேட்பார். சாப்பிட்டார் என்று பொய் சொல்லவும் எனக்கு வாய் வராது, ஒவ்வொரு நாளும் புதிதாக அவரை அழவைக்கவும் முடியாது. "அவருக்கு உங்கடை கையாலை என்ன கறி விருப்பம்?" என்று திருப்பிக் கேட்பேன். கணவாய்க் கறியையும் முருங்கைக்காய்க் குழம்பையும் விரிவாகச் சொல்லிக்கொண்டே தன் கோப்பையை முடித்துவிடுவார்.

நோய் முற்றும்போது நிலைமை தலைகீழாகும். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவர் வாயை மூடிக்கொள்வார், உடல் மெலியும். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறு சிலருக்குக் கண்ணுக்குத் தெரியாது; நிறக் கோப்பையில் போட்டுப் பாருங்கள். சாப்பாட்டின் அளவைக் கூட்ட முடியாவிட்டால் சத்தைக் கூட்டுங்கள். குத்தரிசிக் கஞ்சிக்குப் பயறும் முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் சேர்க்கலாம், முட்டையை அடித்துச் சொதியில் விடலாம், உளுத்தம்மாக் களி கொடுக்கலாம். திடீரென்று சாப்பாட்டை மறுத்தால் பல், வாய்ப்புண், மலச்சிக்கல், சலக்கிருமி, புதிதாகத் தந்த குளிசை எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விழுங்குவதில் மிகுந்த கவனம் வேண்டும். உதிரிப் பிட்டு தொண்டையில் சிக்கும். சொதியில் நன்றாக ஊறவைத்துப் பிசையுங்கள். வெறும் தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட இலேசாகப் புரையேறும். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் படுக்கவிடாதீர்கள். சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ குரல் கரகரத்தாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். உணவு சுவாசப்பைக்குள் போனால் நியூமோனியாக் காய்ச்சல் வரும்.