எழுத அழும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறாராம். வயது எட்டு. கணக்கு போடுகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான், பென்சிலைக் கையில் கொடுத்தால் மட்டும் அழுகிறான், எழுத்துப் பயிற்சிக்கு எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். பதில் எழுதிய வாசகிகள் புத்தகப் பெயர்களாக அடுக்கிவிட்டார்கள். என் கருத்து வேறு. எதை வாங்குவதற்கும் முன்னால், பிள்ளை எதற்காக அழுகிறது என்று பார்க்க வேண்டாமா? நாடி பார்க்காமல் வைத்தியர்கூட மருந்து கொடுப்பதில்லையே!

"எழுது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லி விடுகிறோம். பிள்ளைக்கு அது மூன்று வேலை. கை, எழுத்தை வடிவாகப் போட வேண்டும். எந்த 'ல', எந்த 'ன' என்று ஞாபகம் வர வேண்டும். இதற்கெல்லாம் மேலே, என்ன சொல்வது என்றும் யோசிக்க வேண்டும். நேற்று சமையல்கட்டுக்குள் வந்த பெண்ணிடம் மாவையும் அரைத்து, சாம்பாரையும் தாளித்து, வந்தவர்களுக்கு இலையும் போடு என்றால் என்ன ஆகும்? அதே கதிதான் அந்தக் குழந்தைக்கும்.

எது கஷ்டம் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் போதும். முதல் நாள், அவனுக்குப் பிடித்த கதைப் புத்தகத்திலிருந்து இரண்டு வரி பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதற்கே விரல் வலிக்கிறது, பென்சிலை நெரித்துப் பிடிக்கிறான் என்றால் கஷ்டம் கையில். இரண்டாம் நாள், நீங்கள் சொல்ல இரண்டு வாக்கியம் எழுதட்டும். அங்கே தடுமாறினால் எழுத்துக்கூட்டுவதில் சிக்கல். மூன்றாம் நாள், அவன் பேச நீங்கள் எழுதுங்கள். நாய்க்குட்டியைப் பற்றியோ, கிரிக்கெட் பற்றியோ மடமடவென்று சொல்கிறானா? அப்படியானால் அவனுக்கு விஷயம் இல்லாமல் இல்லை. அதைத் தாளில் இறக்குகிற வேலைதான் பாரமாக இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. "கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்று பேசுகிறவன், "கடைக்குப் போய்விட்டு வந்தேன்" என்று எழுத வேண்டும். பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். அதோடு இங்கிலீஷிலும் கட்டுரை எழுது என்றால் பாவம், அவன் என்ன செய்வான்? முதலில் பேச்சுத் தமிழிலேயே எழுதட்டுமே. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் புத்தகத்தில் எப்படிப் போட்டிருப்பாங்க?" என்று கேட்டு இரண்டு பேருமாக மாற்றலாம். எடுத்தவுடனே திருத்த ஆரம்பித்தால் வாயும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

இனி, புத்தக விஷயம். வீட்டுப் பள்ளி நடத்தும் தாய்மார்கள் பெரும்பாலும் மேல்நாட்டு முறைகளைத்தான் விசாரிக்கிறார்கள். இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற அம்மையார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி சொன்னார். நல்ல பகுதியை ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்ட குழந்தை அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பல வருஷம் வாயால் சொல்லிப் பழகிய பிறகுதான் எழுத்து. அமெரிக்காவின் சூசன் வைஸ் பாயர் எழுதிய 'ரைட்டிங் வித் ஈஸ்' புத்தகங்களும் இதை ஒட்டியவைதான்: பார்த்து எழுதுதல், சொல்வதைக் கேட்டு எழுதுதல், கதையைத் திருப்பிச் சொல்லுதல். கையும் எழுத்துக்கூட்டலும் தகராறு செய்யும் பிள்ளைக்கு இது பொருந்தும்.

"என்ன எழுதறதுன்னே தெரியலைம்மா" என்று விழிக்கும் பிள்ளைக்கு ஐ.இ.டபிள்யூ. என்ற முறை இருக்கிறது. ஒரு சிறு பத்தியின் ஒவ்வொரு வரியிலிருந்தும் இரண்டு மூன்று முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, அதை வைத்துத் தன் நடையில் மறுபடி எழுதுவது. விஷயத்தைத் தேடி அலைய வேண்டாம். மனசில் நிறைய இருந்தும் தப்பாகி விடுமோ என்று பயப்படும் குழந்தைக்கு ஜூலி போகார்ட்டின் 'பிரேவ் ரைட்டர்' முறை நல்லது. பிள்ளை பேசும்போது தாய் குறித்துக்கொள்கிறாள். பிள்ளை தானே எழுதும்போது சில நிமிஷம் பிழை பார்க்காமல் மனம் போனபடி எழுதலாம்.

இவை எல்லாம் இங்கிலீஷுக்கு எழுதப்பட்டவை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வரவழைக்கத்தான் வேண்டுமா? முறையை மட்டும் எடுத்துக்கொண்டால், தெனாலிராமன் கதையும் ஒரு கோடு போட்ட நோட்டும் போதும் என்பேன். நம் நாட்டிலேயே குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்ற ஆசிரியர், கதை சொல்லியே பாடத்தைத் தொடங்கலாம் என்று 1930களிலேயே எழுதினார். அவருடைய 'திவாஸ்வப்னா' தமிழிலும் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. ஒவ்வொரு தாயும் படிக்க வேண்டிய சின்னப் புத்தகம்.

கடைகளில் விற்கும் 'மாதிரிக் கட்டுரை' புத்தகங்களை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். 'பசு', 'என் பள்ளி', 'பொங்கல்' என்று பத்து வரியை நெட்டுரு போட்டு ஒப்பிப்பதற்கு வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பானேன்?

சகோதரிகளே, இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத தாயின் தலையில் எப்போதும் ஒரு கத்தி தொங்குகிறது. மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு மாமி எல்லோரும், "அவன் நோட்டைக் கொண்டா பார்ப்போம்" என்பார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகவே பக்கம் பக்கமாக எழுத வைக்கத் தோன்றும். "அடியாத மாடு படியாது" என்று அறிவுரையும் வரும். அடித்து உட்கார வைக்கலாம், ஆனால் மனசில் இருப்பதை எழுத வைக்க முடியாது. நோட்டு நிறைந்து, பிள்ளைக்குத் தன் பேச்சின் மேலேயே நம்பிக்கை போய்விட்டால் யாருக்கு லாபம்? நாளுக்குப் பத்து நிமிஷம், மூன்றே வரி, சிவப்பு மை கூடாது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழைதான் திருத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகைச் சாமான் பட்டியலையும், ஊரிலிருக்கும் பாட்டிக்குக் கடிதத்தையும் அவனே எழுதட்டும். படிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் எழுதுவதில் ஒரு ருசி வரும்.

அவசரமும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் அவன்தான் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும், நாம் போய் எழுத முடியாது. அதனால் அலட்சியமாகவும் விட்டுவிடக் கூடாது.

பல மாதம் பொறுமையாகப் பழக்கியும் எழுத்துகள் தலைகீழாக வருகின்றன, பார்த்து எழுதுவதே முடியவில்லை என்றால், சோம்பேறி என்று பட்டம் கட்டாமல் நிபுணரிடம் காட்டுங்கள். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் தேர்வில் சலுகை கேட்கவும் வழி உண்டு. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது இதுதான்: இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள். மகன் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டை அவனிடமே வாசிக்கக் கொடுங்கள். எந்தப் புத்தகம் வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை.